கோட்டு மன்றமும் யன்ஜ்மாவின் வெண்ணெயும்

யன்ஜ்மா ஓட்டுகிற டிராலி பஸ்ஸின் முன்கதவு முழுசாக மூடாது. எவ்வளவு இழுத்து அடைத்தாலும் ஒரு கை நுழையும் அளவுக்குப் பிளந்துகொண்டு நிற்கும். பணிமனையில் போய்ச் சொன்னால், "கதவு மூச்சு விடுதுக்கா. இறுக்கி மூடிட்டா உள்ள இருக்கறவங்களுக்குப் புழுங்குமில்ல?" என்றார்கள். மங்கோலியாவின் உலான்பாத்தரில், துப்பின எச்சில் கல்லாய்த் தரையில் விழுகிற மாசத்தில், புழுங்குமாம்.

அந்தப் பிளவு வழியாக நுழைந்த காற்று வருஷக்கணக்காக யன்ஜ்மாவின் இடுப்பில் குடியிருந்தது. வாடகையும் கொடுக்கவில்லை, காலியும் செய்யவில்லை. கடைசியில் மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

"மாத்திரையெல்லாம் சும்மாம்மா. இடுப்புல குளிர் ஏறக் கூடாது. இன்னொரு குளிர்காலம் இப்படியே போச்சுன்னா உங்க கிட்னிக்கு நான் பொறுப்பில்ல. நல்ல கோட்டா ஒண்ணு வாங்கிப் போடுங்க."

நல்ல கோட்டு என்று சொல்லிவிடுவது சுலபம். யன்ஜ்மா ஏற்கெனவே சந்தையில் இரண்டு தடவை நல்ல கோட்டு வாங்கியவள். முதலாவது ஒட்டக மயிர் என்று சத்தியம் செய்து விற்றது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கு, அவள் புருஷன் புரெவ் தோளைத் தொட்டுவிட்டு அலறினான். "ஏய், உன்னத் தொட்டா கரண்டு அடிக்குதுடி! கல்யாணமான புதுசுல கூட இப்படி அடிச்சதில்ல." இரண்டாவது கோட்டு அடுப்புப் பக்கம் போனதும் பிளாஸ்டிக் பை மாதிரிச் சுருண்டது.

ஆகவே இந்தத் தடவை, கிட்னியை விடவா காசு பெரிசு என்று சேமிப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு நகரத்தின் பெரிய கடைக்கே போனாள். கோபிப் பாலைவன வெள்ளாட்டின் அடிமயிரில் நெய்த கோட்டு, சாயம் ஏற்றாத பழுப்பு நிறம், கொம்புப் பொத்தான். போட்டுப் பார்த்தவுடன் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்து, நான் இருக்கிறேன் என்று சொன்னது போல இருந்தது. இடது கைப் பொத்தான் ஒன்றில் அரிசிமணி அளவு வெள்ளைப் புள்ளி. அதைக்கூட அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"இது அந்த விலை பெறுமா பாப்பா? வாங்கலாமா?" என்று விற்கிற பெண்ணைக் கேட்டாள்.

"அதை நாங்க சொல்லக் கூடாதுக்கா. மன்றம்தான் சொல்லணும். மன்றத்துச் சான்று இல்லாம நாங்க விக்கவும் முடியாது. கோட்டை அங்க அனுப்பி வைக்கறோம், நீங்களும் போங்க."

வீட்டில் புரெவ் சிரித்தான். "அந்த விலைக்கு ஒரு மந்தையே வாங்கலாம்டி. ஆடுங்கள உன்னச் சுத்தி நிக்க வச்சா அதுவே கோட்டு. பஸ்ஸுக்கும் கூடவே வரும்."

"வாய மூடுய்யா. உன் இடுப்பா வலிக்குது?"

உயர் இழை மேலங்கி மன்றம் என்பது அந்த மன்றத்தின் முழுப்பெயர். விலை உயர்ந்த கோட்டு வாங்கிய சிலர், வாங்காமல் இருந்திருக்கலாமோ என்று பின்னால் வருந்துவதாக ஒரு பெரிய மனிதரின் மைத்துனர் ஒருநாள் கண்டுபிடித்தார். குடிமக்களின் வருத்தத்தைத் துடைக்க மன்றம் அமைந்தது. மைத்துனரே தலைவரானார். அவர் பெயர் கோம்போஜாவ். அன்றிலிருந்து நாட்டில் கோட்டு வாங்கி வருந்தியவர் ஒருவர்கூட இல்லை. ஏனென்றால் அன்றிலிருந்து யாரும் வாங்கவில்லை.

மன்றத்துக் கட்டடத்தில் கோட்டுகள் இருக்கிற கூடத்துக்குக் கதகதப்பும், மனிதர்கள் காத்திருக்கிற நடைக்குப் பனிக்காற்றும் ஒதுக்கியிருந்தார்கள். வாசலில் பொன்னெழுத்தில் ஒரு வாசகம்: இழை நிலையானது, உடுப்பவர் வந்து போவார்.

யன்ஜ்மா அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தாள். ஊரில் புது உடுப்பைப் பார்த்தால் மூத்தவர்கள் சொல்வது நேர் எதிரானது. உடுப்பின் ஓரத்தில் விரல் நுனியால் கொஞ்சம் வெண்ணெயோ பாலோ தடவி, "உடுத்தவர் நிலைக்கட்டும், உடுப்பு நைந்து போகட்டும்" என்று வாழ்த்துவார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. வாழ்த்தைத் தட்டினால் ஆயுசு தட்டிப்போகும் என்பது பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கூடத்துக்குள் போனதும் மாட்டியிருந்த அவளுடைய கோட்டைப் பார்த்தாள். கை சும்மா இருக்கவில்லை. கையோடு கொண்டுவந்த குடுவையிலிருந்த பால் தேநீரில் விரலைத் தொட்டு, கோட்டின் கீழ்விளிம்புக்குக் கொண்டுபோனாள். விரல் படுவதற்குள் கூடமெங்கும் மணி அடித்தது. தாரி என்ற தேர்வாளர் ஓடி வந்தாள். முப்பது வயதுக்காரி. பேசும்போது மனிதரைப் பார்க்காமல் அவர்கள் போட்டிருக்கிற உடுப்பைப் பார்த்துப் பேசுகிறவள்.

"என்ன காரியம்க்கா பண்றீங்க! கொழுப்புப் பட்டா இழை செத்துப்போகும். கொழுப்புப் பட்ட கோட்டை என்ன செய்யணும்னு தெரியுமா? படுக்க வச்சு, கோட்டு வண்டியில தனியா, வேற யாரையும் ஏத்தாம சிகிச்சைக்குக் கொண்டுபோகணும். விதி."

"வாழ்த்தத்தானே வந்தேன்?"

"கோட்டை வாழ்த்த நீங்க யாரு? கோட்டு உங்கள ஏத்துக்குமான்னு பாக்கத்தானே நாங்க இருக்கோம்."

"நான் கேக்க வந்தது ஒண்ணுதான் தங்கச்சி. இதை வாங்கலாமா, கூடாதா?"

தாரி குரலைத் தாழ்த்தினாள். "அந்தச் சொல்லைத் தலைவர் வாயால சொல்லணும். நாலு பேர் காதுபட அவர் 'வாங்கலாம்'னு சொல்லிட்டாப் போதும், அதுதான் சான்று. வேற காகிதமே வேணாம். ஆனா அவர் இன்னும் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. முதல்ல சோதனைக்கு வாங்க."

முதல் சோதனை தொடுசோதனை. தொட்டுப் பார்த்து இழையின் மென்மையை உணர்ந்து சொல்ல வேண்டும். வெறுங்கை பட்டால் இழைக்கு ஆகாது என்று யன்ஜ்மாவின் கைகளில் தடித்த தோல் கையுறையை மாட்டினார்கள். கண்ணையும் கட்டினார்கள்.

"என்ன தெரியுது?"

"கையுறை தெரியுது."

"விண்ணப்பதாரருக்கு உணர்ச்சி போதாது" என்று தாரி எழுதினாள்.

இரண்டாவது எரிசோதனை. அசல் மயிர் என்றால் எரிக்கும்போது தலைமுடி கருகுகிற நாற்றம் வரும், போலி என்றால் பிளாஸ்டிக் நாறும். அது யன்ஜ்மாவுக்கும் தெரியும். ஆனால் கோட்டிலிருந்து நூல் பிடுங்குவது கொடுமை என்று மன்றம் கருதியதால், யன்ஜ்மாவின் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி எரித்தார்கள். மூன்று பேர் மாறி மாறி முகர்ந்தார்கள். தலைமுடி நாற்றம்தான் வந்தது.

"வாழ்த்துகள்க்கா. நீங்க கலப்படமில்லாத இயற்கை இழை."

"அப்ப கோட்டு?"

"அது தனி விஷயம்."

இப்படியே ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. நடையில் காத்திருந்தவர்களெல்லாம் யன்ஜ்மாவுக்குப் பழக்கமாகிவிட்டார்கள். நூடுல்ஸ் கடை வைத்திருக்கிற ஹொர்லோ என்ற விதவை மூன்று குளிர்காலமாக வந்துகொண்டிருந்தாள். முழங்கால் செத்துப்போன ஒரு மல்யுத்தக்காரர் இருந்தார்; தொடுசோதனையில் கையுறை அவர் கைக்குப் போதாததால் அவர் விண்ணப்பம் நின்றுபோயிருந்தது. எல்லோரும் பழைய கோட்டுகளுக்குள் நடுங்கிக்கொண்டே, புதுக் கோட்டைப் பற்றி மரியாதையாகப் பேசினார்கள்.

பிறகு மூன்றாவது சோதனை வந்தது. அதற்குச் சகவாசம் என்று பெயர். கோட்டு அவள் வீட்டில் ஓர் இரவு தங்கிப் பார்க்கும். பிடித்திருந்தால் மேலே பேசலாம்.

மலைச்சரிவிலிருந்த அவர்கள் கம்பளிக் கூடார வீட்டுக்குக் கோட்டு தன் சொந்த வண்டியில் வந்தது. வண்டிக்குள் வெந்நீர்க் குழாய், மெத்தை, திரைச்சீலை. அந்தக் குன்றில் அவ்வளவு நல்ல வண்டி அதுவரை ஏறியதில்லை. கதவுக்கு எதிரே, விருந்தாளியில் மூத்தவரை உட்கார வைக்கிற இடத்தில், கோட்டை ஒரு தாங்கியில் மாட்டி நிறுத்தினார்கள். புரெவ் பழக்கதோஷத்தில் அதன் முன்னால் ஒரு கிண்ணம் தேநீர் வைத்தான். தாரி உடனே எடுத்துவிட்டாள்.

"அடுப்பை அணைச்சிருங்கய்யா."

"என்னது?"

"நிலக்கரிப் புகை இழைக்கு ஆகாது."

"வெளிய என்ன குளிர் தெரியுமா? கோட்டுக்குக் குளிராதா?" என்றான் புரெவ்.

"கோட்டுக்கு எப்படிக் குளிரும்? அதுதானே கோட்டு."

"அப்ப எங்களுக்கு?"

"அதைத்தான் பதிவு பண்ணப் போறோம்" என்று சொல்லிவிட்டுத் தாரி வெந்நீர்க் குழாய் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அவ பாக்கலடி. எடுத்துப் போட்டுக்கோ" என்று புரெவ் கிசுகிசுத்தான். யன்ஜ்மா கையை நீட்டினாள். கோட்டின் காலரில் ஒரு மணி கட்டியிருந்தது. கையை இழுத்துக்கொண்டாள். அந்த இரவு முழுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டிலிருந்த விரிப்பு, சாக்கு, குதிரைத் துணி எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு, மரியாதைக்குரிய இடத்தில் கதகதப்பாக நின்றிருந்த அந்த விருந்தாளியைப் பார்த்தபடி கிடந்தார்கள். விடிந்தபோது யன்ஜ்மாவால் நிமிர முடியவில்லை. புரெவ் அவளை முதுகில் சுமந்து இறக்கம் இறங்கினான். கோட்டு வண்டியில் ஏற்றச் சொல்லிக் கேட்டதற்கு, அது ஆளேற்றுகிற வண்டியில்லை என்று தாரி சொல்லிவிட்டாள்.

யன்ஜ்மா பல நாள் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தாள். வலது கிட்னி பாதிதான் மிச்சம், இனி ஒரு குளிர் தாங்காது என்றார்கள். அதற்கு அழக்கூட இல்லை. புருஷன் முதுகில் போகும்போது பக்கத்தில் உரசிக்கொண்டு கடந்த அந்த வண்டியின் திரைச்சீலைதான் கண்ணிலேயே நின்றது. அதை நினைத்தால் மட்டும் காய்ச்சல் இல்லாமலே உடம்பு சூடாயிற்று.

எழுந்து நடமாட முடிந்ததும் தீர்ப்புக் கேட்க மன்றத்துக்குப் போனாள். தலைவர் கோம்போஜாவே கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல சிவந்த முகம். உடம்பில் ஒரு பழுப்புக் கோட்டு. யன்ஜ்மாவின் கண் அதன் இடது கைப் பொத்தானில் போய் நின்றது. அரிசிமணி அளவு வெள்ளைப் புள்ளி.

"இது என் கோட்டாச்சே ஐயா."

"நீண்டகால உடுப்புச் சோதனைம்மா. மக்களுக்காக நானே என் உடம்பைக் கொடுத்திருக்கேன். ராத்திரி பகல்னு பாக்காம சுமக்கறேன். இதுல எனக்குச் சொந்தமா ஒரு லாபமும் கிடையாது, இந்தக் கதகதப்பைத் தவிர."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே பெண்டாட்டிகூட வேண்டியிருக்கவில்லை.

"சரி ஐயா. கோட்டு வாங்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

கோம்போஜாவ் கண்ணை மூடித் திறந்தார். "ரொம்ப ஆழமான கேள்விம்மா. அதுக்கு நேரடியா பதில் சொல்லிட்டா அப்புறம் மன்றம் எதுக்கு? ஆனா உங்க விஷயத்துல ஒரு முடிவு இருக்கு. அந்த ராத்திரியை நீங்க கோட்டு இல்லாமலே தாங்கிட்டீங்க. தாங்கிட்டீங்கன்னா, தேவையில்லைன்னு அர்த்தம்."

"தாங்காம செத்திருந்தா?"

"அப்பவும் தேவையில்ல" என்று தலைவர் அன்பாகச் சொன்னார்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது. யன்ஜ்மா ஆரம்பத்திலிருந்தே சாதுவும் இல்லை. நாள் முழுக்க நெரிசல் பஸ்ஸை ஓட்டுகிறவள். அவள் கத்தவில்லை, மேசையைத் தட்டவில்லை. நடைக்கு வந்து ஹொர்லோவின் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு காதாக ஏதோ சொன்னாள். ஹொர்லோ மல்யுத்தக்காரரிடம் சொன்னாள். மல்யுத்தக்காரர் முதலில் நம்பவில்லை. பிறகு மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த நடையில் ஒருவர் சிரித்தார்.

புத்தாண்டுப் பிறப்பான வெள்ளை மாசப் பண்டிகைக்கு முந்தின வாரம் மன்றத்தின் ஆண்டுவிழா. கட்டடத்துப் படிகளில் மேடை, கீழே தொலைக்காட்சிக்காரர்கள், பனியில் கூட்டம். கோம்போஜாவ் அந்தக் கோட்டோடு மேடையேறினார்.

"நண்பர்களே! நம்ம மன்றத்தைக் குறை சொல்றவங்க இருக்காங்க. ஒரு கோட்டுக்கூட விக்க விடலன்னு சொல்றாங்க. நான் பெருமையோட ஒத்துக்கறேன்! ஒரு கோட்டை விட்டாலும் அது கிழியும், அழுக்காகும், மனுஷங்க அதைப் போடுவாங்க. அந்த அநியாயத்தை நான் உயிரோட இருக்கற வரைக்கும் அனுமதிக்க மாட்டேன். இது இழை மட்டுமில்ல, பாரம்பரியம். நம்ம முன்னோர் வழக்கத்துல ஒண்ணைக்கூட விடக் கூடாது. வழக்கத்தைத் தட்டறவன் தன் தகப்பனைத் தட்டறான்!"

கைதட்டல் அடங்குவதற்குள் யன்ஜ்மா படியேறிவிட்டாள். நல்ல நீலப் பட்டை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். கையில் ஆட்டு இரைப்பைக்குள் அடைத்த வெண்ணெய், ஒரு முழுப் பந்து.

"புதுக் கோட்டு போட்டிருக்கீங்க தம்பி. வாழ்த்த வேணாமா? நான் உங்களுக்கு மூத்தவ."

கோம்போஜாவின் முகம் போன போக்கைத் தொலைக்காட்சிக்காரர்கள் கிட்டத்தில் போய்ப் படம்பிடித்தார்கள். "அது... இப்ப வேணாம்மா, அப்புறமா..."

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "வாழ்த்தைத் தட்டறாரா? இப்பத்தானே தகப்பனைப் பத்திப் பேசினாரு!"

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். படக்கருவியைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, மூத்தவரிடம் வாழ்த்து வாங்குகிறவர் போலத் தலையைக் குனிந்தார்.

வழக்கப்படி விரல்நுனி போதும். யன்ஜ்மா இரண்டு கையாலும் அள்ளினாள். "உடுத்தவர் நிலைக்கட்டும், உடுப்பு நைந்து போகட்டும்" என்று உரக்கச் சொல்லி, காலரிலிருந்து கீழ்விளிம்பு வரைக்கும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல இழுத்துப் பூசினாள். அவளுக்குப் பின்னால் ஹொர்லோ, ஒரு சட்டி பாலாடையோடு. அவளுக்குப் பின்னால் மல்யுத்தக்காரர், ஆட்டு வால்கொழுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு. நடையில் காத்திருந்த அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். காத்திருப்பதில் அவர்களுக்கு நல்ல பயிற்சி இருந்தது. கையுறை நுழையாத அந்தக் கையால் மல்யுத்தக்காரர் வாழ்த்தியபோது தலைவர் இரண்டு படி கீழே இறங்கிவிட்டார். குளிரில் கொழுப்பு அப்படியே உறைந்தது. கோட்டு தானாகவே விறைத்து நின்றது. தெருநாய்கள் பக்திப் பரவசத்தோடு வந்து சுற்றிக்கொண்டன.

யன்ஜ்மாவின் நெஞ்சு நிறைந்துபோயிற்று. கையைப் பனியில் தேய்த்துக் கழுவிக்கொண்டு, மத்தியான ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று பணிமனைக்குப் போனாள்.

மன்றத்தில் விதி விதிதான். தாரி கோட்டைத் தலைவரிடமிருந்து கழற்றி வாங்கி, படுக்க வைத்து, வண்டியின் மெத்தையில் ஏற்றினாள். தலைவரும் ஏறப் போனார்.

"ஐயா, கொழுப்புப் பட்ட கோட்டு. தனியாத்தான் போகணும்."

"ஏய், நான் தலைவர்!"

"நீங்கதானே ஐயா கையெழுத்துப் போட்டீங்க? இழை நிலையானது..." என்று வாசலில் எழுதியிருந்ததைக் காட்டிவிட்டுத் தாரி கதவைச் சாத்தினாள். தலைவருக்கென்று வேறு வண்டி இல்லை. இத்தனை நாளும் கோட்டோடு சேர்ந்து அதன் வண்டியில்தான், உடுப்புச் சோதனைக் கணக்கில், போய்வந்துகொண்டிருந்தார். வாழ்த்தி முடித்தவர்கள் கலைந்து போயிருந்தார்கள்.

மேல்சட்டையும் கழுத்துப்பட்டையுமாக நிறுத்தத்தில் துள்ளிக்கொண்டிருந்த ஆளைத் தூரத்திலேயே யன்ஜ்மா பார்த்துவிட்டாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது. மெதுவாக வண்டியை நிறுத்தினாள்.

பஸ்ஸில் கூட்டம். கதவை ஒட்டிய இருக்கை மட்டும் காலி. அந்தப் பஸ்ஸை அறிந்தவர்கள் யாரும் அதில் உட்கார மாட்டார்கள். கோம்போஜாவ் அதில் விழுந்தார். வண்டி கிளம்பியது. பிளவு வழியாகக் காற்று தன் வேலையைத் தொடங்கியது.

"க... கதவை மூடும்மா!"

"மூச்சு விடுது தம்பி."

அப்போதுதான் அவர் ஓட்டுகிறவள் முகத்தைப் பார்த்தார். இறங்கலாம் என்று வெளியே எட்டிப் பார்த்தார். வெளியே இதைவிட மோசம். "அம்மா, உசுரு போகுது! தாங்க முடியல!"

"தாங்கிட்டீங்கன்னா, தேவையில்லைன்னு அர்த்தம்."

"தாங்கலன்னா?"

"அப்பவும் தேவையில்ல." யன்ஜ்மா வளைவில் நிதானமாகத் திரும்பினாள். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம் தம்பி. நாலு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன். அந்தக் கோட்டு வாங்கலாமா?"

கோம்போஜாவின் பற்கள் தந்தி அடித்தன. மன்றத்தின் மானம், ஆழமான கேள்வி எல்லாம் ஒரு கணம் அவர் முகத்தில் வந்து போயின. அடுத்த காற்று வந்தது.

"வா... வாங்கலாம்."

"பின்னாடி கேக்கலயாம்."

"வாங்கலாம்! என்ன விலையானாலும் வாங்கலாம்! கடனை வாங்கியாவது வாங்கலாம்!"

"கேட்டுச்சு!" என்றது பஸ். மன்றம் பிறந்த நாளிலிருந்து அது சொன்ன முதல் பதில் அது. நாலு பேர் காதுபடச் சொன்னால் போதும். அன்றைக்கு நின்றுகொண்டே நாற்பது பேர் கேட்டார்கள். வெண்ணெய்க் கறை போக வெளுத்து, அதே பொத்தானோடு, அந்தக் கோட்டு தனக்குத்தான் வந்துசேரும் என்று யன்ஜ்மாவுக்குத் தெரிந்துவிட்டது. வேறு யார் வாங்குவார்கள் அதை?

"ரொம்ப நன்றி தம்பி. நல்லா இருங்க" என்றாள் மனசார.

அடுத்த நிறுத்தத்தில் ஏற ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. ஆனாலும் வண்டியை நிறுத்தினாள். முன்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, குடுவையை எடுத்து, ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தாள்.